ஜி ஸ்பாட் உண்டா, இல்லையா? வாசகர் கேட்கிறார்கள்

யோனிக்குள் தொட்டால் உச்சம் தரும் என்று சொல்லப்படும் இடம்தான் ஜி ஸ்பாட். அதைப் பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது: “ஜி ஸ்பாட் என்ற தனி உறுப்பை உடற்கூறு ஆய்வாளர்கள் அறுத்துத் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை.” அதற்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டுச் சிலவற்றை எடுத்துக்கொள்கிறோம். பதில் சொல்வது மகளிர் மருத்துவரும் குடும்ப நலத் தாதியும் சேர்ந்து.

கேள்வி: எனக்கு 29 வயது. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. கணவருக்கு வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே இரண்டு அங்குலத்தில் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கும், அதைத் தொட்டால் எந்தப் பெண்ணும் உச்சம் அடைவாள் என்று அதில் சொல்கிறார்கள். அவர் தேடிப் பார்த்துவிட்டு, “உனக்கு அது இல்லை, டாக்டரைப் போய்ப் பார்” என்கிறார். எனக்கு ஏதும் குறையா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்களுக்கு ஒரு குறையும் இல்லை, சகோதரி. அப்படி ஒரு பொத்தான் யாருக்கும் இல்லை. ஆனால் கதை அதோடு முடிவதில்லை. விஞ்ஞானிகளே எழுபது வருடத்துக்கு மேலாக இதில் ஒத்துப்போகவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

1950இல் எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க் என்ற ஜெர்மானிய மகளிர் மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். அது வெளிவந்தது பம்பாயில், டாக்டர் ஏ. பி. பிள்ளை ஆசிரியராக இருந்து நடத்திய பாலியல் ஆய்விதழில். யோனியின் முன்சுவரில், அதாவது வயிற்றுப் பக்கமுள்ள சுவரில், சிறுநீர்க் குழாய் போகும் பாதை நெடுகத் தூண்டலுக்கு இணங்கும் ஒரு பகுதி இருக்கிறது என்றார். கவனியுங்கள், அவர் சொன்னது ஒரு பாதை. புள்ளி என்று சொல்லவில்லை. அதே கட்டுரையில், பெண்ணின் உடம்பில் இன்ப உணர்வு எழாத இடமே இல்லை என்றுகூடச் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை யாரும் வீடியோவில் போடுவதில்லை.

1981இல் பெவர்லி விப்பிள், ஜான் பெர்ரி முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தப் பகுதிக்குக் கிராஃபென்பெர்க்கின் பெயரைச் சூட்டினார்கள் (‘ஜி’ என்பது அதன் முதலெழுத்து). மறு வருடம் வந்த புத்தகம் ஒன்று அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பாதை புள்ளியானது இப்படித்தான்.

பிறகு தேடல் தொடங்கியது. 2010இல் பிரிட்டனில் 1,804 இரட்டைச் சகோதரிகளிடம் கேட்டார்கள். 56 விழுக்காட்டினர் தங்களுக்கு அப்படி ஓர் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். உண்மையில் அது கண், மூக்கு போலப் பிறவியில் வரும் உறுப்பு என்றால், ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் இருவரும் ஒரே பதிலைச் சொல்வது மற்ற இரட்டையரைவிட அதிகமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. 2017இல் ஆஸ்திரேலியாவில் ஹெலன் ஓ’கானல் குழுவினர் 13 பெண்களின் சடலங்களில் யோனியின் முன்சுவரை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். சிறுநீர்க் குழாயையும் யோனிச் சுவரையும் தவிர, கண்ணுக்குத் தெரிகிற தனி உறுப்பு எதுவும் அங்கே இல்லை.

அப்படியென்றால் அந்த 56 விழுக்காட்டுப் பெண்கள் பொய் சொன்னார்களா? இல்லை. முன்சுவரை அழுத்தும்போது அதோடு சேர்ந்து மூன்று விஷயங்கள் அழுந்துகின்றன: சிறுநீர்க் குழாய், அதைச் சுற்றியுள்ள ஸ்கீன் சுரப்பிகள், அதை ஒட்டி உள்ளே பரவியிருக்கும், கிளிட்டோரிஸ் என்ற இன்ப உறுப்பின் உட்பாகங்கள். இத்தாலியரான ஜன்னீனி குழுவினர் 2014இல் கிளிட்டோரிஸ், சிறுநீர்க் குழாய், யோனியின் முன்சுவர் ஆகியவற்றை ஒரே கூட்டாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். உணர்ச்சி நிஜம், உறுப்பு தனியாக இல்லை என்பதுதான் இன்றைக்குப் பலரும் ஏற்கிற நிலை. எங்களுக்கும் அதுவே சரி என்று படுகிறது.

அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க விரும்பினால் சில விஷயங்களைக் கவனியுங்கள். முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள். எடுத்த எடுப்பில் தேடாதீர்கள். உடம்பு நன்றாகக் கிளர்ந்து ஈரம் வந்த பிறகுதான் அந்தத் திசுக்களில் இரத்தம் தேங்கி உப்பும். உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, விரலைத் தொப்புள் பக்கமாக லேசாக வளைத்தால், வாயிலிலிருந்து மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டருக்குள் சற்றுச் சொரசொரப்பான பகுதி தட்டுப்படும். முதலில் சிறுநீர் முட்டுவது போல் இருக்கும். சிலருக்கு அது சில நொடிகளில் இதமாக மாறும். சிலருக்கு மாறவே மாறாது. மாறாவிட்டால் விட்டுவிடுங்கள். இன்னும் அழுத்தினால் வருமோ என்று அழுத்துவதால் மறுநாள் சிறுநீர்க் கடுப்புதான் வரும்.

கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்ட வேலை செய்கிறவர்களின் விரலில் காய்ப்பு இருக்கும், நகத்தடியில் பால்கட்டிக்குப் போடும் அமிலமோ களைக்கொல்லியோ ஒட்டியிருக்கும். நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவ வேண்டும். தைலம் தேய்த்த கை என்றால் அன்றைக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கிளிட்டோரிஸ் என்பது வெளியே தெரியும் பட்டாணி அளவு சதை என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் சென்ற மாதம் “உள்ளே பரவிய உறுப்பு” என்று எழுதியிருந்தீர்கள். அது எவ்வளவு பெரியது? பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தரவில்லையே?
- லோரி ஓட்டுநர், 41 வயது

பதில்: உங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல, 20ஆம் நூற்றாண்டின் பல மருத்துவப் பாடநூல்களிலேயே இது சரியாக இல்லை. ஆணுறுப்பை நரம்பு நரம்பாகப் படம் போட்ட புத்தகங்கள் இதற்கு ஒரு புள்ளியோடு நிறுத்திக்கொண்டன.

வெளியே தெரிவது மொட்டு மட்டும். அது பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதன்மேல் தோல் மூடி ஒன்று. மொட்டுக்குப் பின்னால் தண்டு மேலே ஏறி, பூப்பெலும்புக்கு அடியில் முழங்கை போல மடங்கி, இரண்டு கால்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு காலும் இடுப்பெலும்பின் கீழ்விளிம்பை ஒட்டிப் பின்னோக்கி ஓடும். நீளம் ஐந்து முதல் ஒன்பது சென்டிமீட்டர். யோனி வாயிலின் இரண்டு பக்கமும், தோலுக்கடியில், குமிழ் வடிவத்தில் இரண்டு திசுக்கட்டிகள் உண்டு. அவை மூன்று முதல் ஏழு சென்டிமீட்டர். ஆணுறுப்பில் இருப்பதைப் போலவே இரத்தம் நிரம்பி விறைக்கும் திசு இது. கருவில் இரண்டும் ஒரே மொட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. ஒன்பதாம் வாரத்துக்குப் பிறகே ஆண் ஒரு வழி, பெண் ஒரு வழி.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1559இல் இத்தாலியின் ரியால்தோ கொலம்போ “நானே கண்டேன்” என்று எழுத, ஃபலோப்பியோ “இல்லை, நான்தான்” என்று சண்டைக்கு வந்தார். அந்த உறுப்போடு பிறந்த பெண்களை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை! 1844இல் ஜெர்மானியர் கோபெல்ட் உட்பாகங்களை மிக நுணுக்கமாக வரைந்தார். பிறகு அது மறக்கப்பட்டது. 1998இல் மெல்பர்னின் சிறுநீரக அறுவை மருத்துவர் ஹெலன் ஓ’கானல் பத்துச் சடலங்களை ஆராய்ந்து மறுபடி எழுதினார். 2005இல் எம்ஆர்ஐ படங்களோடு உறுதிப்படுத்தினார். ஆண்களுக்குச் சுக்கிலச் சுரப்பி (புரோஸ்டேட்) அறுவையில் நரம்பைக் காப்பாற்ற வழி தேடுகிறார்களே, பெண்களுக்கு இடுப்பு அறுவையில் எந்த நரம்பைக் காப்பாற்றுவது என்பதற்குச் சரியான படமே இல்லையே என்பது அவருடைய குறை. நியாயமான குறை.

இங்கேயும் ஒரு சர்ச்சை உண்டு. அந்த இரண்டு குமிழ்களையும் ஓ’கானல் கிளிட்டோரிஸோடு சேர்க்கிறார். இத்தாலியின் வின்சென்சோ பப்போ போன்றவர்கள் ஒப்புக்கொள்வதில்லை: குமிழ்கள் வேறு, கிளிட்டோரிஸ் வேறு, ‘உள் கிளிட்டோரிஸ்’ என்ற பேச்சே தவறு என்கிறார்கள். 2009இல் பிரான்சின் ஃபோல்டெஸ், புயிஸ்ஸோன் இருவரும் அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, இடுப்புத் தசை சுருங்குகையில் கிளிட்டோரிஸின் வேர்ப்பகுதி இறங்கி யோனியின் முன்சுவரை நெருங்குவது தெரிந்தது. இதை ஒரு சாரார் பெரிய ஆதாரமாகச் சொல்கிறார்கள், இன்னொரு சாரார் சில பேரை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுவதா என்கிறார்கள். கோடு எங்கே போடுவது என்பதில்தான் தகராறு. அந்தத் திசுக்கள் இருக்கின்றன என்பதில் இல்லை.

நரம்புக் கணக்கு ஒன்றும் ஊர் சுற்றுகிறது: “8,000 நரம்பு முனைகள்.” அது கால்நடையில் எடுத்த கணக்கு என்று சொல்கிறார்கள். மனிதரில் எண்ணியது 2022இல்தான். அமெரிக்காவின் ஓரிகான் உடல்நல அறிவியல் பல்கலைக்கழகத்தில் பிளேர் பீட்டர்ஸ் குழுவினர், பாலின மாற்று அறுவை செய்துகொண்ட ஏழு பேர் அளித்த திசுவில் எண்ணியபோது, சராசரியாக 10,281 நரம்பிழைகள் இருந்தன.

அத்தனை இழைகளும் ஒரு சின்ன மொட்டில் போய் முடிவதால் நேரடியாக அழுத்தினால் பல பெண்களுக்கு அது சுகமில்லை, சுரீர் என்ற வலி. மூடித்தோலின் மேலாகவோ பக்கவாட்டிலோ தொடுவதுதான் நல்லது. உச்சத்துக்குச் சற்று முன்னால் மொட்டு மூடிக்குள் பின்வாங்கிக்கொள்ளும். அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் இதை 1966இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். பல கணவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். “காணோமே” என்று இடத்தை மாற்றுவார்கள், வேகத்தைக் கூட்டுவார்கள், அழுத்துவார்கள். மாற்றாதீர்கள். அதே இடம், அதே வேகம், அதே அழுத்தம்.

கேள்வி: எனக்கு வெளியே தொட்டால் மட்டுமே உச்சம் வருகிறது. உறவில் வருவதில்லை. ஒரு பழைய தாம்பத்திய புத்தகத்தில், வெளியில் மட்டும் உணர்ச்சி இருப்பது சிறுபிள்ளைத்தனம், முதிர்ந்த பெண்ணுக்கு உள்ளேதான் வரும் என்று போட்டிருக்கிறது. உண்மையா?
- ஆசிரியை, 34 வயது

பதில்: அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம். அந்தக் கருத்து 1905இல் உளவியலாளர் சிக்மண்ட் ஃப்ராய்ட் எழுதியது. பெண் முதிரும்போது உணர்ச்சி கிளிட்டோரிஸிலிருந்து யோனிக்கு இடம் மாற வேண்டும் என்றார். அதற்கு அவர் எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை.

பின்னாளில் அவருடைய சீடரான மரி போனபார்ட், நெப்போலியன் குடும்பத்து இளவரசி, அளந்து பார்க்க முனைந்தார். 1924இல் 200க்கும் மேற்பட்ட பெண்களில் கிளிட்டோரிஸ் மொட்டுக்கும், யோனி வாயிலுக்குச் சற்று மேலுள்ள சிறுநீர்த் துவாரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து, புனைபெயரில் வெளியிட்டார். தூரம் சுமார் 2.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு உறவில் உச்சம் வருவது எளிதாக இருந்தது. அதோடு விடாமல், தன் மொட்டைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லி அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். பலன் இல்லை, பாவம். 2011இல் கிம் வாலன், எலிசபெத் லாய்ட் இருவரும் மேலும் ஒரு பழைய அளவுத் தொகுப்போடு அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ஆட்கள் குறைவு, ஆனால் போக்கு அதேதான்: கிட்டத்தில் இருந்தால் உறவின்போது மொட்டுக்கும் அழுத்தம் கிடைக்கிறது. முதிர்ச்சிக்கு இதில் வேலை இல்லை, எலும்பும் தோலும் அமைந்த விதம்தான்.

எத்தனை பேர் உங்களைப் போல? அமெரிக்காவில் 1,055 பெண்களிடம் கேட்டு 2018இல் வெளியான ஆய்வில், உறவு மட்டுமே போதும் என்றவர்கள் 18.4 விழுக்காடு. கிளிட்டோரிஸைத் தூண்டாமல் உறவில் உச்சம் வராது என்றவர்கள் 36.6 விழுக்காடு. ஏறக்குறைய அதே அளவினர், வராமல் இல்லை, ஆனால் தூண்டினால்தான் நன்றாக இருக்கிறது என்றார்கள். நம் நாட்டுப் பெண்களிடம் எடுத்த கணக்கு அல்ல என்றாலும், நீங்கள் பெரும்பான்மையில் இருக்கிறீர்கள் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இங்கே எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். முதுகுத்தண்டு முற்றிலும் அறுபட்டு, கீழே தொட்டால் தெரியாத பெண்கள் சிலர் கருப்பை வாயைத் தூண்டும்போது உச்சம் அடைந்ததை பேரி கோமிசாருக், விப்பிள் குழுவினர் 2004இல் மூளைப் படத்தில் காட்டினார்கள். முதுகுத்தண்டைத் தொடாமல் நேராக மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக அது நடக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். எனவே எல்லாமே கிளிட்டோரிஸ்தான் என்று அடித்துச் சொல்வதும் சரியல்ல. வழிகள் பல. உங்கள் உடம்புக்கு எது திறந்திருக்கிறதோ அதில் போங்கள்.

செய்முறைக்கு வருவோம். உறவின்போது உங்கள் கையோ அவர் கையோ வெளியே இருக்கட்டும்; நீங்கள் மேலே இருக்கும் நிலையில் இது சுலபம். அவர் மேலே இருந்தால், வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளி உங்கள் தலைப் பக்கம் ஏறி வர வேண்டும். அவருடைய பூப்பெலும்பு உங்கள் மொட்டின் மேல் பதியும். பிறகு உள்ளே வெளியே என்ற அசைவை விட்டு, இருவரும் இடுப்பை ஒட்டியபடி மேலும் கீழுமாக மெதுவாக அசைய வேண்டும். 1988இல் எட்வர்ட் ஐக்கெல் என்பவர் விவரித்த முறை இது. மூச்சு முட்டினால் அவர் எடையைச் சற்றுக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று பிள்ளைகள். எனக்கு ஆசையே தானாக வருவதில்லை. அவர் ஆரம்பித்து, கொஞ்ச நேரம் போன பிறகுதான் உடம்பு இணங்குகிறது. அவருக்கோ நினைத்தவுடன் வருகிறது. எனக்கு ‘ஹார்மோன்’ குறைவா?
- செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்: மாஸ்டர்ஸ், ஜான்சன் 1966இல் போட்ட படத்தில் கிளர்ச்சி, உச்சிச் சமவெளி, உச்சம், தணிவு என்று நான்கு படிகள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரிசை. ஆசை என்ற படியே அதில் இல்லை. ஹெலன் கேப்ளன் 1970களில் ஆசையை முதல் படியாகச் சேர்த்தார். 2000இல் கனடா மருத்துவர் ரோஸ்மரி பாசன், நீண்ட காலம் சேர்ந்து வாழும் பல பெண்களுக்கு இந்த வரிசை பொருந்தவில்லை என்றார். நெருக்கம் வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்குகிறார்கள், தொடுகையில் கிளர்ச்சி வருகிறது, அதன் பின்னால் ஆசை வருகிறது. உங்கள் கடிதம் அப்படியே அவர் படம். ஹார்மோன் சோதனைக்கு இதற்காக மட்டும் ஓட வேண்டியதில்லை.

ஆனால் இன்னொன்று. பான்கிராஃப்ட், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் (இவர் எரிக் ஜான்சன், முன்னே சொன்னவர் வேறு) உடம்பில் முடுக்கும் பொறி ஒன்று, தடுக்கும் பொறி ஒன்று, இரண்டும் தனித்தனி என்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே எண்ணெயை முறுக்கினால் வண்டி எப்படி நகரும்? லயத்து வீட்டில் பக்கத்து வீட்டுக்கு ஒரு பலகைச் சுவர், நடுவில் மாமியார், காலடியில் கடைக்குட்டி, விடிகாலை நான்கரைக்குப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு). இவையெல்லாம் பிரேக். பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தையோ, அவருக்கு வேலை இல்லாத ஞாயிறு மதியத்தையோ பாருங்கள். தொடங்கிய பிறகு உறவுக்குப் போகும் முன் குறைந்தது பதினைந்து இருபது நிமிடம் வேண்டும். எவ்வளவு போனாலும் உடம்பு இணங்கவே இல்லை, அல்லது எப்போதும் வலிக்கிறது என்றால்தான் மருத்துவரிடம் போங்கள். இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டு, கருத்தடை மருந்து மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உச்சத்தின்போது நிறைய நீர் வந்துவிடுகிறது. சிறுநீரா, வேறா?
- பெயர் வேண்டாம்

பதில்: இரண்டு விதம் உண்டு. 1880இல் அலெக்சாண்டர் ஸ்கீன் விவரித்த சுரப்பிகளிலிருந்து சில துளி, பால் போன்ற திரவம் வரும். ஆணின் சுக்கிலச் சுரப்பி சுரக்கும் அதே பிஎஸ்ஏ புரதம் அதில் இருக்கிறது. படுக்கை நனைகிற அளவு வந்தால் அது வேறு. 2015இல் பிரான்சில் ஏழு பெண்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, காலியாக இருந்த சிறுநீர்ப்பை கிளர்ச்சியில் மறுபடி நிரம்பி, நீர் வந்த பிறகு காலியானது. நீரில் பெரும்பங்கு சிறுநீர், சிலரில் அந்தப் புரதமும் கலந்திருந்தது. கெடுதல் இல்லை. துண்டு விரித்துக்கொள்ளுங்கள். இருமும்போதும் தும்மும்போதும்கூட வருகிறது என்றால் அது இடுப்புத் தசைத் தளர்ச்சி, சரிசெய்யக் கூடியது.

கேள்வி: ஜி ஸ்பாட்டைப் பெரிதாக்க ஊசி, யோனியை இறுக்க லேசர் என்று விளம்பரம் வருகிறது. போகலாமா?
- இரண்டு வாசகியர்

பதில்: வேண்டாம். இல்லாத புள்ளியில் எந்த ஊசி போடுவார்கள்? அமெரிக்க மகளிர் மருத்துவர் கழகம் 2007லேயே இதற்குப் பாதுகாப்புக்கும் பலனுக்கும் ஆதாரம் இல்லை என்று எச்சரித்தது. லேசர் கருவிகளை இதற்காக விற்பதைக் குறித்து அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரிக்கை விட்டது: தீப்புண், தழும்பு, உறவில் தீராத வலி.

கேள்வி: வயது 52. பால்மரம் வெட்டுகிறேன். மாதவிலக்கு நின்று இரண்டு வருடம். உறவில் எரிச்சல், சில சமயம் கீறல் போல் இரத்தம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ‘மஞ்சகனி’ குச்சி வாங்கி வைத்தேன். இறுகியது போல் இருந்தது, ஆனால் வலி கூடிவிட்டது. எனக்குச் சர்க்கரையும் உண்டு.

பதில்: குச்சியை இன்றைக்கே நிறுத்துங்கள், அம்மா. மஞ்சகனி வேறொன்றும் இல்லை, நம் வீட்டில் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காயேதான். அதிலுள்ள துவர்ப்பு, தோலின் ஈரத்தை உறிஞ்சிச் சுருக்குகிறது. இறுக்கம் என்று நீங்கள் நினைத்தது வறட்சி. ஏற்கெனவே மெலிந்த தோல் அதனால் இன்னும் எளிதாகக் கிழியும், கிருமி புகும். சுகாதார அமைச்சில் பதிவான பொருள் என்றால் பெட்டியில் ‘மால்’ என்ற எழுத்தோடு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். அதில்லாத எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

மாதவிலக்கு நின்றால் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. யோனிச் சுவர் மெலிகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது. கிளர்ச்சியில் வரும் ஈரம் சுரப்பியிலிருந்து வருவதைவிட, அந்தச் சுவரின் இரத்தக் குழாய்களிலிருந்து கசிவதுதான் அதிகம். அதனால் ஓட்டம் குறைந்தால் ஈரமும் குறையும். இதை மூன்று வழியில் சமாளிக்கலாம்.

ஒன்று, உறவின்போது நீரால் ஆன வழுக்குக் களிம்பு. பார்மசியில் கிடைக்கும். ஒரு தேக்கரண்டி அளவு, பாதியை உங்கள் வாயிலிலும் பாதியை அவர் உறுப்பிலும் தடவி, காய்ந்தால் மறுபடி. எச்சில், சோப்பு, ஹேண்ட் கிரீம் கூடாது. தேங்காய் எண்ணெய் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் ஆணுறை போடுகிறவர்கள் தொடக்கூடாது. எண்ணெய் பட்ட ரப்பர் கிழிந்துவிடும்.

இரண்டு, உறவு இல்லாத நாளிலும் வாரம் இரண்டு மூன்று முறை வைக்கும் யோனி ஈரப்பதக் களிம்பு.

மூன்று, மருத்துவர் எழுதித் தரும் யோனி ஈஸ்ட்ரோஜன். 10 மைக்ரோகிராம் மாத்திரை என்றால் வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும் ஒன்று, பிறகு வாரம் இரண்டு. இரவில் படுக்கப் போகும்போது வைக்க வேண்டும். ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பலன் முழுதாகத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் கண்டிப்பாக முன்கூட்டிச் சொல்லுங்கள்.

சர்க்கரை கூடியிருந்தால் இவையெல்லாம் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். அது நரம்பையும் இரத்தக் குழாயையும் மந்தமாக்கும், வெள்ளைப் பூஞ்சையைக் கொண்டுவரும். இன்னொன்றைத் தள்ளிப்போடாதீர்கள்: மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கடந்த பிறகு எந்த இரத்தம் வந்தாலும், கீறல் என்றே நீங்கள் நினைத்தாலும், கருப்பையைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். மனம் தேறியது, உச்சம் போய்விட்டது.
- வாசகி, 38 வயது

பதில்: செர்ட்ராலின், ஃப்ளூவோக்ஸெட்டின், எசிட்டாலோபிராம் போன்ற மாத்திரைகளில் இது அடிக்கடி நடப்பதுதான். உறுப்பில் கோளாறு இல்லை, செரட்டோனின் கூடுவதால் வரும் தாமதம். திடீரென்று நிறுத்தாதீர்கள், தலைசுற்றலும் பதற்றமும் வரும், சோர்வு திரும்பலாம். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், அல்லது மிர்ட்டாஸபின், புப்ரோபியான் போன்ற வேறு மருந்துக்கு மாற்றலாம்.

கேள்வி: இதையெல்லாம் கிளினிக்கில் எப்படிச் சொல்வது? தமிழ் டாக்டர் இல்லாவிட்டால்?
- பலர்

பதில்: அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). பதிவு மேசையில் விவரம் சொல்ல வேண்டாம். “மாசாலா வனித்தா” (பெண்கள் பிரச்சினை) என்றால் போதும். “டோக்டர் பெரெம்புவான்” (பெண் டாக்டர்) கேட்டால் அன்றைக்கு இருந்தால் தருவார்கள். ஆண் மருத்துவர் சோதித்தால் பெண் தாதி கூட நிற்க வேண்டும், கேளுங்கள். அறைக்குள் போனதும், வலி என்றால் “சாக்கிட் மாசா பெர்சாமா சுஆமி”, வறட்சி என்றால் “கெரிங்”. கணவரை வெளியே இருக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்பிபிகேஎன் நடத்தும் கிளினிக் நூர் செஜாத்திராவிலும் பார்க்கலாம்.

எடுத்துக்கொண்டு போக வேண்டியவை: சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டை (நாட்டு மருந்து, சந்தையில் வாங்கியது உட்பட), சர்க்கரை நோயாளி என்றால் கிளினிக்கில் தந்த சர்க்கரைப் புத்தகம், கடைசி மாதவிலக்குத் தேதி. வலி எங்கே என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: வாயிலிலா, உள்ளே ஆழத்திலா, தொட்டவுடனா, அசையும்போதா. வாயிலில் என்றால் பெரும்பாலும் வறட்சி, தோல், தசை இறுக்கம். ஆழத்தில் என்றால் கருப்பை, சினைப்பைப் பக்கம் பார்ப்பார்கள். தசை இறுக்கம் என்று சொன்னால் இடுப்புத் தசையை இறுக்கும் கெகல் பயிற்சியை நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள். அது தளர்ந்த தசைக்கானது. இறுகிய தசைக்கு விடக் கற்றுத்தருகிற பிசியோதெரப்பி வேண்டும். அதற்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.